ஒரு மணி நேரத்து அடையாளம்

சுவிட்சர்லாந்தும் பிரான்சும் எல்லை தொட்டுக்கொள்ளும் இடத்தில், ஜெனீவா நகரத்துக்கு அருகே அமைந்திருக்கும் ஸெர்ன் ஆராய்ச்சி ஸ்தாபனத்தில் பௌதிக ஆராய்ச்சி செய்யும் ஒருவர் தம் கணக்குகளுக்கென்று தனியே ஒரு கணினி வேண்டுமென்று கேட்டால், யாரும் எழுந்துபோய் ஒரு பெட்டியைத் தூக்கிவந்து அவர் மேஜையின்மேல் வைப்பதில்லை. 2013-ஆம் ஆண்டு முதல் அங்கே நடைமுறையில் இருந்துவரும் ஓப்பன்ஸ்டாக் என்னும் மேகக் கணிமை ஏற்பாடு, எங்கோ ஒரு மண்டபத்தில் வரிசை வரிசையாக அடுக்கப்பட்டிருக்கும் இயந்திரங்களுள் ஒன்றின் ஒரு பகுதியைப் பிரித்தெடுத்து, அதையே ஒரு முழுக் கணினியைப் போல் நடந்துகொள்ளச் செய்து, சில நிமிஷங்களில் அவர் வசம் ஒப்படைத்துவிடுகிறது. இந்தச் சிறு காரியத்துக்குள்ளே நடக்கும் பேச்சுவார்த்தைகள் பல. நோவா என்னும் நிரல் கணினியை உருவாக்குகிறது. அதற்கு வேண்டிய மூலப் பிரதியைக் கிளான்ஸ் என்னும் நிரலிடம் கேட்கிறது. வலைப்பின்னல் முகவரியை நியூட்ரானிடமும், வட்டுச் சேமிப்பிடத்தைச் சிண்டரிடமும் கேட்கிறது. இவை ஒவ்வொன்றும் தனித்தனி நிரல், பெரும்பாலும் தனித்தனி இயந்திரங்களில் ஓடுவது. ஆகவே ஒவ்வொன்றும், கேட்பவர் யார், கேட்க அவருக்குப் பாத்தியதை உண்டா என்று விசாரித்தே தீரவேண்டும்.

நான்கு இடங்களிலும் கடவுச்சொல்லைக் கொடுப்பது சிரமம் என்பது ஒருபுறமிருக்க, நான்கு இடங்களிலும் அந்தக் கடவுச்சொல் தெரிந்துபோகும் என்பது அதைவிடப் பெரிய அபாயம். அதனால்தான் ஓப்பன்ஸ்டாக்கில் இந்த விசாரணை முழுவதும் கீஸ்டோன் என்னும் ஒரே சேவையிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. ஆராய்ச்சியாளர் தம் கடவுச்சொல்லைக் கீஸ்டோனிடம் மாத்திரமே காட்டுகிறார்; அது அவரைச் சோதித்து, இன்னார், இன்ன காரியத்துக்கு, இன்ன நேரம்வரை என்பதற்கு அத்தாட்சியாக ஒரு டோக்கனை அளிக்கிறது; மற்றச் சேவைகள் அந்த டோக்கனைக் கண்டு அவரை உள்ளே விடுகின்றன. ஆள் யார் என்று சோதித்து அனுமதி அளிப்பதே இத்தகைய சேவையின் முக்கிய வேலை என்று வாசகர் நினைப்பது இயற்கை. ஆனால் கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் இதைக் கட்டியவர்களையும் நடத்தியவர்களையும் உண்மையில் வருத்தியது வேறு விஷயம். ஒருமுறை கையைவிட்டுப் போன அனுமதியை எப்படித் திரும்பப் பெறுவது என்பதே அது. இந்தச் சேவையின் வரலாற்றில் நேர்ந்த மாறுதல்களுள் பெரும்பாலானவற்றை அந்த ஒரு சங்கடத்தைக்கொண்டே விளக்கிவிடலாம்.

கடவுச்சொல்லின் பூர்வ கதையைச் சிறிது சொல்லாமல் மேலே போவது முறையன்று. ஒரே கணினியைப் பலர் ஒரே சமயத்தில் பங்கிட்டுக்கொள்ளும் முறையை மாஸசூஸெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் பெர்னாண்டோ கோர்பாட்டோவும் அவருடைய சகாக்களும் 1961-இல் செய்து காட்டியபோது, ஒருவர் கோப்பை மற்றொருவர் தொடாதிருக்கும்பொருட்டு ஆளுக்கு ஒரு கடவுச்சொல் வைத்தார்கள். அடுத்த ஆண்டே ஆலன் ஷெர் என்னும் ஆராய்ச்சி மாணவர், வாரத்துக்குத் தமக்கு ஒதுக்கப்பட்டிருந்த நேரம் போதாமையால், கடவுச்சொற்கள் அனைத்தும் அடங்கிய கோப்பை அச்சிட்டுத் தரும்படி இயந்திரத்தையே கேட்டு, அதையும் பெற்றுக்கொண்டார். 1966-இல் நேர்ந்தது இன்னும் வேடிக்கை. இரண்டு நிர்வாகக் கோப்புகள் தற்காலிகக் கோப்பின் பெயரொற்றுமையால் இடம் மாறிவிட, அன்றைய அறிவிப்பு காட்டப்படவேண்டிய இடத்தில் எல்லாருடைய கடவுச்சொற்களும், உள்ளே பிரவேசித்த எல்லாருக்கும் காட்சியளித்தன. தம்முடைய டூரிங் விருது உரையில் கோர்பாட்டோவே இதை எடுத்துச் சொல்லியிருக்கிறார். கடவுச்சொல்லை உள்ளபடியே எழுதிவைப்பது தவறு, அதிலிருந்து மீட்க இயலாத ஒரு சிதைந்த உருவத்தை மாத்திரமே வைக்கவேண்டும், அதிலும் ஆளுக்கு ஆள் வேறுபடும் ஒரு சிறு எண்ணைக் கலந்தே சிதைக்கவேண்டும் என்பதையெல்லாம் பெல் ஆராய்ச்சிசாலையைச் சேர்ந்த ராபர்ட் மாரிஸும் கென் தாம்ப்ஸனும் 1979-இல் தெளிவாக எழுதிவைத்தார்கள். கீஸ்டோனும் இன்று அதே வழியில்தான், பிகிரிப்ட் என்னும் பிற்கால முறையைக்கொண்டு கடவுச்சொற்களைச் சேமிக்கிறது.

நம் விஷயத்துக்கு இன்னும் நெருக்கமான மூதாதை, அதே மாஸசூஸெட்ஸ் நிறுவனத்தில் 1983-இல் தொடங்கிய அதீனா திட்டத்திலிருந்து பிறந்த கெர்பராஸ். ரோஜர் நீடமும் மைக்கேல் ஷ்ரோடரும் 1978-இல் வெளியிட்ட யுக்தியை அடிப்படையாகக்கொண்டு, கடவுச்சொல்லை வலைப்பின்னலில் அனுப்பாமலே ஆளைத் தெரிந்துகொண்டு, குறிப்பிட்ட நேரத்துக்குச் செல்லும் சீட்டு ஒன்றை வழங்கும் ஏற்பாடு அது. அந்தச் சீட்டின்மீது காலம் பொறிக்கப்பட்டிருந்ததை நாம் கவனிக்கவேண்டும். கொடுத்ததைத் தேடிப்போய்ப் பிடுங்குவது முடியாத காரியமாகையால், தானாகவே காலாவதியாகும்படி கொடுத்துவிடுவது என்னும் தீர்மானம் அங்கேயே எடுக்கப்பட்டுவிட்டது. அதன் பலனாக, கெர்பராஸ் ஓடும் இடங்களில் கணினிகளின் கடிகாரங்கள் ஒன்றுக்கொன்று ஐந்து நிமிஷத்துக்குமேல் பிசகினால் உத்தமமான பயனர்களும் வாசலில் நிறுத்தப்படுகிறார்கள். கீஸ்டோனைப் பல சர்வர்களில் நிறுவுகிறவர்களும் முதல் வேலையாகக் கடிகாரங்களை ஒன்றாக்கிக்கொள்வது விவேகம்.

ஓப்பன்ஸ்டாக் 2010-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் இரண்டு வேறு குடும்பங்களின் சம்பந்தத்தால் பிறந்தது. அமெரிக்க விண்வெளி ஸ்தாபனமான நாஸா, கலிபோர்னியாவிலுள்ள தன் ஏம்ஸ் ஆராய்ச்சி நிலையத்தில் உருவாக்கிய நோவாவைக் கொடுத்தது. ராக்ஸ்பேஸ் என்னும் கம்பெனி, கோப்புகளைச் சேமிக்கும் ஸ்விஃப்டைக் கொடுத்தது. இரண்டும் தத்தமக்கென்று தனித்தனியே பயனர் விவரங்களை வைத்துக்கொண்டிருந்தன. ஒரு வீட்டில் இரண்டு கணக்குப் புத்தகங்கள் நெடுநாள் ஓடா என்று கண்டுகொண்டுதான் கீஸ்டோன் எழுதப்பட்டது. முதல் வடிவம் திருப்தியளிக்காமையால் புதிதாகவே திருத்தி எழுதப்பட்டு, 2012 ஏப்ரலில் வெளியான எஸ்ஸெக்ஸ் பதிப்பில் அது முக்கியச் சேவைகளுள் ஒன்றாக இடம்பெற்றது.

அதனுள்ளே இருக்கும் பாத்திரங்கள் சொற்பம். பயனர், பயனர்கள் சேர்ந்த குழு, வளங்கள் யாருடைய பேரில் கணக்காகின்றனவோ அந்தப் புராஜெக்ட், இவையனைத்தையும் அடக்கிய டொமைன், இன்ன பயனருக்கு இன்ன புராஜெக்டில் இன்ன அதிகாரம் என்று காட்டும் ரோல். இவற்றோடு, எந்தச் சேவை எந்த முகவரியில் கிடைக்கும் என்று சொல்லும் சேவைப் பட்டியல் ஒன்றும் உண்டு. ஒரு கம்பெனியில் எல்லாரையும் ஒரே பட்டியலில் வைத்திருந்த பழைய இரண்டாம் பதிப்பு இடைமுகத்தில் டொமைன் என்ற பேச்சே கிடையாது. 2013-இல் வந்த மூன்றாம் பதிப்பில்தான், வெவ்வேறு ஸ்தாபனங்கள் ஒரே மேகத்தில் ஒருவர் பெயர் மற்றவரோடு மோதாமல் குடியிருக்க வழி பிறந்தது.

நிறுவும் முறை இன்று எளிதுதான். தரவுத்தளத்தில் இடம் ஒதுக்கி, அமைப்புக் கோப்பில் அதன் முகவரியை எழுதி, அட்டவணைகளை உண்டாக்கி, சாவிகளைப் பிறப்பித்து, அப்பாச்சி போன்ற வலை சர்வர் ஒன்றின் பின்னே 5000 என்னும் போர்ட் எண்ணில் ஓடவிட்டால் சேவை பேசத் தொடங்கிவிடும். ஆனால் இந்த இடத்தில் ஒரு பழைய தர்க்கச் சிக்கல் எழுகிறது. பயனர்களைச் சேர்க்க நிர்வாகியின் அனுமதி வேண்டும். நிர்வாகியோ இன்னும் சேர்க்கப்படாத ஒரு பயனர். ஆரம்ப நாட்களில் இதற்குக் கண்ட பரிகாரம், அமைப்புக் கோப்பிலேயே ஒரு ரகசியச் சொல்லை எழுதிவைத்து, அதைச் சொல்லுகிறவர் யாராயினும் அவருக்குச் சோதனையின்றிச் சர்வாதிகாரம் அளித்துவிடுவது. அந்த ரகசியத்துக்கு முன்கூட்டியே எழுதப்பட்டிருந்த மதிப்போ ‘அட்மின்’ என்ற சொல்லேதான்! வேலை முடிந்ததும் அந்த வழியை அடைத்துவிடுங்கள் என்று நிறுவல் கையேடுகள் சொல்லிவந்தன. ஆனால் அடைக்காமல் விட்டாலும் எல்லாம் ஒழுங்காகவே ஓடும். ஓடுகிற ஒன்றை யார் போய்த் திருத்துவார்கள்? 2016 ஏப்ரலில் வெளியான மிட்டாகா பதிப்பில் பூட்ஸ்டிராப் என்னும் கட்டளை வந்து, சர்வரின்மேல் உட்கார்ந்திருப்பவர் தரவுத்தளத்தில் நேரே முதல் நிர்வாகியை எழுதிக்கொள்ளும்படி செய்த பிறகே இந்தத் திறந்த கதவுக்கு அவசியமில்லாமல் போயிற்று. பின்னால் மூடவேண்டிய வாசலைத் திறக்காமலே காரியத்தை முடிப்பது எவ்வளவு மேல் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் என் நினைவுக்கு வரவில்லை.

போர்ட் எண்களைப் பற்றியும் ஒரு சிறு செய்தி. நிர்வாகக் காரியங்களுக்கென்று முன்பு 35357 என்ற எண் ஒதுக்கப்பட்டிருந்தது. லினக்ஸ் இயக்குதளமோ, வெளியே புறப்படும் இணைப்புகளுக்குத் தற்காலிகமாகக் கொடுக்கும் எண்களை ஏறக்குறைய 32,768 முதல் 61,000 வரையிலான வரிசையிலிருந்துதான் எடுக்கிறது. ஆகையால் கீஸ்டோனைச் சற்று நிறுத்திவிட்டு மறுபடி தொடங்கும் இடைவேளையில், சம்பந்தமில்லாத வேறொரு நிரல் அந்த எண்ணில் போய் உட்கார்ந்துகொள்வதும், கீஸ்டோன் இடமின்றித் தவிப்பதும் நேரக்கூடியவையாக இருந்தன. இப்போது அந்தத் தனிப் போர்ட்டே வேண்டியதில்லை.

இனி டோக்கனுக்கு வருவோம். பழைய வங்கிகளில் காசோலையை நீட்டியவருக்கு எண் பொறித்த பித்தளை வில்லை ஒன்றைக் கொடுத்து உட்காரச் சொல்வார்களே, அதைப் போன்றதே கீஸ்டோனின் முதல் டோக்கன். பதினாறின் அடிமான இலக்கங்கள் 32 கொண்ட அந்த யூயூஐடி எண்ணில் தன்னளவில் எந்த அர்த்தமும் இல்லை. அர்த்தமெல்லாம் உள்ளே இருக்கும் பேரேட்டில் இருந்தது. டோக்கனைக் கண்ட ஒவ்வொரு சேவையும் கீஸ்டோனிடம் வந்து, இது யாருடையது என்று கேட்டுத் தெரிந்துகொண்டது. இந்த முறையில் அனுமதியைத் திரும்பப் பெறுவது மிகச் சுலபம். பேரேட்டில் ஒரு வரியை அடித்துவிட்டால் தீர்ந்தது. ஆனால் விலை வேறு வகையில் வந்தது. மனிதர் மாத்திரமன்றி நிரல்களும் ஓயாமல் டோக்கன் வாங்கிக்கொண்டிருந்தமையால் அட்டவணையில் வரிகள் லட்சக்கணக்கில் பெருகின. காலாவதியானவை தாமாக நீங்கவில்லை. அவற்றைத் துடைத்தெறியும் கட்டளையை நிர்வாகி அவ்வப்போது ஓடவிடவேண்டும். அதை நெடுநாள் மறந்திருந்து ஒருநாள் ஓடவிட்டாலோ, அந்தத் துடைப்புவேலையே தரவுத்தளத்தைப் பூட்டிக்கொண்டு, உயிரோடிருக்கும் பயனர்களைக் காக்கவைத்தது.

இதற்கு மாற்றாக வந்தது பீகேஐ டோக்கன். பயனர் யார், ரோல் என்ன, சேவைப் பட்டியல் எது என்ற சகல விவரங்களையும் டோக்கனுக்குள்ளேயே எழுதி, கீஸ்டோன் தன் முத்திரையை அதன்மேல் இட்டது. முத்திரையைச் சரிபார்க்கும் வித்தை மற்றச் சேவைகளுக்குத் தெரிந்திருந்தமையால் அவை கீஸ்டோனிடம் திரும்பி வரவேண்டிய அவசியமில்லை. கேட்பதற்கு அழகான ஏற்பாடு. ஆனால் விவரம் முழுவதையும் சுமந்த டோக்கன், வலை சர்வர்கள் ஒரு தலைப்பு வரிக்கு அனுமதிக்கும் 8 கிலோபைட் அளவையும் தாண்டி வீங்கிற்று. அதைவிடக் கவனிக்கத்தக்கது, முத்திரையிட்டு வெளியே அனுப்பிய பத்திரத்தைத் திரும்பப் பெற வழியில்லாமல் போனது. ரத்தான டோக்கன்களின் பட்டியல் ஒன்றைச் சேவைகள் அவ்வப்போது வந்து வாங்கிக்கொண்டு போகவேண்டியதாயிற்று. வாங்கிப்போன பிறகு, அடுத்த முறை வாங்கும்வரை, நீக்கப்பட்ட மனிதர் நீக்கப்படாதவராகவே உலவலாம். கீஸ்டோனுக்குச் சுமையைக் குறைத்த அதே குணம் அதன் கட்டுப்பாட்டையும் குறைத்துவிட்டது. 2017-இல் வெளிவந்த ஒக்காட்டா பதிப்பில் இந்த வகை டோக்கன் விலக்கப்பட்டது.

அதே பதிப்பில் இயல்பான தேர்வாக அமர்ந்தது ஃபெர்னட். 2015-இல் அறிமுகமான இந்த டோக்கன் 255 பைட்டுக்குள் அடங்குவது. பயனர், புராஜெக்ட், காலவரம்பு ஆகிய சுருக்கக் குறிப்புகளை ஏஇஎஸ் முறையில் மறைத்து, மாற்றப்பட்டால் தெரியும்படி ஒரு சரிபார்ப்பு முத்திரையும் இட்டு அனுப்புகிறார்கள். பேரேட்டில் வரியே கிடையாது. டோக்கன் திரும்பி வரும்போது அதைத் திறந்து படிக்கச் சாவி ஒன்று இருந்தால் போதும். சாவி கீஸ்டோனிடம் மாத்திரமே இருப்பதால் சேவைகள் முன்போலவே அதனிடம் வந்து கேட்கவேண்டும். ஆனால் எத்தனை லட்சம் டோக்கன் கொடுத்தாலும் சேமிக்கும் பாரம் இல்லை.

பாரம் சாவிகளின்மேல் போய்ச் சேர்ந்தது. ஒரே சாவியைச் சாசுவதமாக வைத்திருந்தால், அது களவுபோன அன்று, திருடியவர் தாம் விரும்பிய பெயரில் டோக்கன் செய்துகொள்ளலாம். ஆகையால் சாவிகளைக் காலக்கிரமத்தில் மாற்றவேண்டும். பழைய சாவியை உடனே எறிந்துவிட்டால், அதைக்கொண்டு சற்றுமுன் கொடுத்த டோக்கன்கள் செல்லாமல் போகும். புதிய சாவியை ஒரு சர்வரில் உடனே உபயோகித்தால், அந்தச் சாவி இன்னும் போய்ச்சேராத மற்றச் சர்வர்கள் புது டோக்கன்களைப் படிக்கமாட்டாமல் விழிக்கும். இவ்விரண்டு இடுக்கண்களையும் தீர்க்கச் செய்த ஏற்பாடு நுட்பமானது. சாவிகள் ஒரு கோப்புறையில் எண்களையே பெயராகக்கொண்டு கிடக்கின்றன. மிகப் பெரிய எண்ணுள்ளது முதன்மைச் சாவி. டோக்கன் செய்வது அதைக்கொண்டே. இடைப்பட்டவை ஓய்வுபெற்ற முன்னாள் முதன்மைகள். அவை படிக்க மாத்திரம் உதவும். பூஜ்யம் என்ற பெயருள்ளது, அடுத்துப் பதவியேற்கக் காத்திருப்பது. அதுவும் இப்போதைக்குப் படிக்க மாத்திரமே. மாற்றும் கட்டளை ஓடும்போது பூஜ்யம் புதிய பெரிய எண்ணைப் பெற்று முதன்மையாகிறது. புதிதாக ஒரு பூஜ்யம் பிறக்கிறது. கணக்குக்கு மிஞ்சிய மிகப் பழைய சாவி அழிகிறது. ஒரு சர்வரில் இப்படி மாற்றிவிட்டு, அடுத்த மாற்றத்துக்குள் கோப்புறையை மற்ற எல்லாச் சர்வர்களுக்கும் பிரதி செய்துவிட்டால், முதன்மையாகப்போகும் சாவி பதவியேற்கும் முன்பே எல்லாரிடமும் போய்ச் சேர்ந்திருக்கும். ரகசியத்தை மாற்றும் பழக்கத்தையும், மாற்றத்தால் யாரும் துன்புறாதிருக்கும் முன்யோசனையையும் இவ்வளவு எளிய எண் வரிசைக்குள் அடக்கியவர்களை மெச்சாமலிருக்க என்னால் முடியவில்லை.

எத்தனை சாவிகளை வைத்துக்கொள்வது என்பதில்தான் புதிய நிர்வாகிகள் இடறுகிறார்கள். டோக்கனின் ஆயுள் ஆரம்பத்தில் 24 மணி நேரமாக இருந்து, பின்னர் 3,600 வினாடியாக, அதாவது ஒரு மணியாகக் குறைக்கப்பட்டது. ஆனால் ஒரு பெரிய வட்டின் பிரதியைக் கிளான்ஸிடம் ஏற்றுவது போன்ற காரியம் ஒரு மணிக்குமேல் நீளும். பாதி வழியில் பயனரின் டோக்கன் காலாவதியாகி வேலை அறுந்துபோகும். இதற்காக, பயனரின் டோக்கனோடு நோவா போன்ற ஒரு சேவை தன் சொந்த டோக்கனையும் சேர்த்துக் காட்டினால், காலாவதியான பயனர் டோக்கனையும் இரண்டு நாள் வரையில் ஏற்றுக்கொள்வதென்று 2017-இல் ஒரு சலுகை செய்யப்பட்டது. ஆகவே ஒரு டோக்கனை மொத்தம் 49 மணி நேரம் படிக்க வேண்டியிருக்கலாம். சாவியை நாள்தோறும் மாற்றுகிறவர், 49-ஐ 24-ஆல் வகுத்து மேல் முழு எண்ணான மூன்றை எடுத்து, முதன்மைக்கும் பூஜ்யத்துக்குமாக இரண்டைக் கூட்டி, ஐந்து சாவிகள் வைத்திருக்கவேண்டும். அமைப்புக் கோப்பில் முன்கூட்டியே இருப்பதோ மூன்று. அதை அப்படியே விட்டு நாள்தோறும் மாற்றினால், நீண்ட நேர வேலைகள் சில, காரணம் தெரியாமல் நடுவில் முறியும். பதிவேட்டில் டோக்கனை அடையாளம் காண முடியவில்லை என்ற ஒரே வரி மிஞ்சும்.

பேரேடு இல்லாத இந்த முறையில் அனுமதியைத் திரும்பப் பெறுவது எங்ஙனம்? அடிப்பதற்கு வரியில்லாமையால், எதிர்மறையான ஒரு பட்டியல் வைக்கப்படுகிறது: இன்ன பயனருக்கு, இன்ன நேரத்துக்கு முன் கொடுத்தவை எல்லாம் செல்லா என்பதாக. ஒருவர் கடவுச்சொல்லை மாற்றினாலும், அவருடைய ரோல் பறிக்கப்பட்டாலும் அந்த விளைவு உடனே கீஸ்டோனுக்குத் தெரிந்துவிடுகிறது. ஆனால் ஒவ்வொரு முறையும் கீஸ்டோனிடம் ஓடாதிருக்கும்பொருட்டு, சேவைகளின் முகப்பில் இருக்கும் இடைநிரல் ஒருமுறை கேட்ட பதிலை 300 வினாடி நினைவில் வைத்துக்கொள்கிறது. வேகத்துக்காகச் செய்த அந்த ஞாபகசக்தி, நீக்கப்பட்டவருக்கு ஐந்து நிமிஷ அவகாசம் கொடுப்பதாகவும் அமைந்துவிடுகிறது. அதைக் குறைக்கலாம், குறைத்தால் கீஸ்டோனின் வாசலில் கூட்டம் சேரும்.

ரோல்களைப் பற்றி ஒரு பழைய வழக்கு இருக்கிறது. நிர்வாகி என்ற ரோலை ஒருவருக்கு ஒரு புராஜெக்டில் மாத்திரம் கொடுத்தால், அவர் அந்த எல்லைக்குள் மாத்திரம் நிர்வாகியாக இருப்பார் என்றுதான் எவரும் எதிர்பார்ப்பார்கள். ஆனால் சேவைகள் பலவும் ரோலின் பெயரைப் பார்த்தனவேயன்றி, அது எந்த எல்லைக்குள் கொடுக்கப்பட்டது என்று பார்க்கவில்லை. ஓரிடத்து நிர்வாகி எவ்விடத்துக்கும் நிர்வாகியாகிவிட்டார். 2012-இல் இது 968696 என்ற எண்ணில் குறையாகப் பதிவாயிற்று. ஓப்பன்ஸ்டாக் உலகத்தில் அந்த எண்ணைச் சொன்னாலே விஷயம் விளங்கும் அளவுக்கு அது பிரசித்தம். 2018-இல் மேகம் முழுவதற்குமான அதிகாரத்தைத் தனி எல்லையாக வகுத்தும், படிப்பவர், உறுப்பினர், நிர்வாகி என மூன்று படிகளை இயல்பாகவே அமைத்தும் கீஸ்டோன் தன் பங்கைச் செய்தது. ஆனால் ஒவ்வொரு சேவையும் தன் கொள்கைக் கோப்பைத் திருத்திக்கொள்ளாமல் இது முழுதும் நிறைவேறாது. அடையாளம் சொல்லும் அதிகாரம் கீஸ்டோனுடையது. அதைக் கேட்டு நடக்கும் கடமை பிறருடையது.

பெரிய ஸ்தாபனங்களில் பயனர்களைக் கீஸ்டோனே வைத்துக்கொள்வதும் இல்லை. ஏற்கெனவே இருக்கும் எல்டாப் அடைவைக் கீஸ்டோன் படிக்கும்படி செய்யலாம். அல்லது 2014 முதல் வளர்ந்துவந்திருக்கும் கூட்டடையாள முறைப்படி, வேறொரு பல்கலைக்கழகம் தன் மனிதரைத் தானே சோதித்து, சாம்ல் அல்லது ஓப்பன்ஐடி கனெக்ட் வழியாக உறுதிமொழி அனுப்ப, கீஸ்டோன் அதை ஏற்றுத் தன் குழுக்களுள் ஒன்றில் அவரைச் சேர்த்துக்கொள்ளலாம். இங்கே நம் பழைய சங்கடம் புதுவேஷத்தில் திரும்புகிறது. அந்த ஆராய்ச்சியாளர் பல்கலைக்கழகத்தை விட்டு விலகும் நாளில், அங்கே அவர் கணக்கு மூடப்படும். கீஸ்டோனுக்கு யாரும் கடிதம் எழுதமாட்டார்கள். அவர் மறுபடி வந்து வாசலைத் தட்டினால் அனுமதி கிடைக்காது என்பது உண்மையே. ஆனால் அவர் தட்டவேண்டியதில்லை. இரவில் தானே ஓடும் தம் நிரலுக்கென்று கடவுச்சொல்லுக்குப் பதிலாகப் பெற்றுவைத்த தனிச் சான்று ஒன்று அவருக்காகத் தட்டிக்கொண்டிருக்கும்.

2020-இல் வந்த உஸூரி பதிப்பு இதற்கு ஓர் எல்லை வகுத்தது. வெளியிலிருந்து வரும் பயனரின் குழு உறுப்புரிமைக்கு நிமிஷக் கணக்கில் ஆயுள் விதிக்கலாம். அவர் தம் ஸ்தாபனத்தின் வழியாக ஒவ்வொரு முறை நேரில் பிரவேசிக்கும்போதும் அது புதுப்பிக்கப்படும். வராதிருந்தால் தானே தேய்ந்து அற்றுப்போகும், அதை நம்பியிருந்த தனிச் சான்றும் பயனற்றதாகும். முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கும் மதிப்பு பூஜ்யம். அதாவது நிர்வாகி தாமாகத் தீர்மானித்தாலொழிய இந்த வசதி கிடைப்பதில்லை. குறைவாக வைத்தால், ஒரு மாத விடுமுறையில் ஊருக்குப் போன உண்மையான ஆராய்ச்சியாளரின் கணக்கு வேலை நடுவில் நின்றுபோகும். அதிகமாக வைத்தால், விலகிப்போனவரின் நிரல் ஸ்தாபனத்தின் செலவில் ஓடும். வாரத்துக்கு ஒருமுறையேனும் நேரில் வரட்டும் என்பது என் அபிப்பிராயம். வார விடுமுறைகளில் நிரல்களை நம்பியிருக்கும் பௌதிகர்கள் அதற்கு இணங்கமாட்டார்கள் என்பதும் தெரியும். எனவே அந்த எண்ணை அமைப்புக் கோப்பில் எழுதுமுன் நிர்வாகி அவர்களோடு உட்கார்ந்து பேசுவது நல்லது.